ரீமேப் செய்த டர்போ காரும் 2,000 ஆர்பிஎம்மும்

டர்போ கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ரீமேப் பண்ணினா எவ்வளவு குதிரைசக்தி ஏறும்?" அடுத்தது, "இன்ஜின் தாங்குமா?" இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவில் கம்பெனி போட்ட எண்களை மாற்றி எழுதுவதுதான் ரீமேப், எழுதுகிறவர் டியூனர். முதல் கேள்விக்கான பதில் டியூனரின் விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவதற்கு, எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) எவ்வளவு டார்க் (முறுக்கு விசை) வரப்போகிறது என்று தெரியாமல் நான் வாயைத் திறக்க மாட்டேன். அதைக் கேட்பவர்கள் மிகவும் குறைவு.

நான் டர்போ கார்களைப் பழுது பார்க்கிறவன். ரீமேப் ஃபைல் எழுதுவது என் வேலை இல்லை. எழுதிய பிறகு அந்தக் கார்கள் எந்தக் கோலத்தில் வந்து நிற்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. என் சொந்தக் காரும் ரீமேப் செய்ததுதான், அதனால் இதை எதிர்ப்புப் பிரசாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். என் காரில் இருப்பது ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பழைய 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ பெட்ரோல் இன்ஜின். கம்பெனிக் கணக்கில் 150 குதிரைசக்தி, 210 நியூட்டன் மீட்டர் டார்க். அதை 190 குதிரைசக்தி ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். 190 என்பது ஏறக்குறைய 140 கிலோவாட். அது 5,500 ஆர்பிஎம்மில் வர வேண்டுமென்றால் அங்கே 243 நியூட்டன் மீட்டர் இருந்தால் போதும். கம்பெனி கொடுத்த உச்ச டார்க்கைவிட 33 மட்டுமே கூடுதல்.

இப்போது அதே 190 குதிரைசக்தியை விற்கும் இன்னொரு ஃபைல் இருக்கிறது. அது 2,300 ஆர்பிஎம்மிலேயே 320 நியூட்டன் மீட்டரைத் தூக்கிக் கொடுக்கிறது, பிறகு மெல்ல இறங்கி 5,500-ல் அதே 243-க்கு வந்து சேர்கிறது. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே எண். ஓட்டிப் பார்த்தால் இரண்டாவதுதான் ஆளை மயக்கும். பெடலைத் தொட்டதும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். என் ஷெட்டுக்குச் சீக்கிரம் வருவதும் அந்த இரண்டாவதுதான்.

காரணம் பிஸ்டன் மேல் விழும் அழுத்தம். சுழற்சி முழுவதற்குமாகச் சராசரி எடுத்தால், இந்த இன்ஜினில் 210 நியூட்டன் மீட்டர் என்பது 15 பாருக்குச் சற்றுக் குறைவு (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல் மட்டக் காற்றழுத்தம்). 320 என்பது 22 பாருக்கும் மேல். இது சராசரிதான், எரியும் நொடியில் சிலிண்டருக்குள் இருக்கும் உச்ச அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு. அந்த அழுத்தம் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை மேலிருந்து கீழே நசுக்குகிறது. அதிக ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேலே போய்த் திரும்பும்போது அதன் சொந்த எடையின் உந்தம் எதிர்த்திசையில் இழுக்கும். அதனால் நசுக்கும் விசையில் ஒரு பங்கு கழிந்துவிடும். 2,000 ஆர்பிஎம்மில் அந்த உந்தம் மிகவும் சிறியது, ஆகவே எரியும் வாயுவின் மொத்த அடியும் ராடுக்குத்தான். டர்போ கார்களில் ராட் வளைந்து வருவது பெரும்பாலும் உச்ச வேகத்தில் ஓட்டியதால் இல்லை. உயர் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில், பெடலைத் தரையோடு அழுத்தியதால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது: நேரம். 2,000 ஆர்பிஎம்மில் ஒரு எரிப்புக்குக் கிடைக்கும் நேரம் 6,000-ல் கிடைப்பதைப்போல மூன்று மடங்கு. தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் பெட்ரோல் கலவை அவ்வளவு நேரமும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்துகொண்டிருக்கும். அது தானாகப் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறிய டர்போ இன்ஜின்களில் இதைவிட மோசமான ஒன்று உண்டு. எல்எஸ்பிஐ என்பார்கள். குறைந்த ஆர்பிஎம், அதிக லோடு இருக்கும் இடத்தில், பிளக் பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது. சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். நாக் வந்தால் ஈசியூ பொறியைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கும். இதில் பொறியே இன்னும் வரவில்லையே, எதைத் தள்ளிப்போடுவது?

இப்படி வந்த ஒரு காரைச் சொல்கிறேன். 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், ரீமேப் செய்து சில மாதம் ஓடியது. ஐடிலில் நடுக்கம், செக் இன்ஜின் விளக்கு சிமிட்டல், மிஸ்ஃபயர் கோட். கம்ப்ரஷன் கேஜ் வைத்தேன். மூன்று சிலிண்டர்கள் 12 பாரை ஒட்டி இருந்தன, ஒன்று மட்டும் 4-ல் நின்றது. அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியதுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள். அதில் சில வெளிச்சத்தில் மினுங்கின. மினுங்குபவை அலுமினியம், அதாவது பிஸ்டன். எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தபோது பிஸ்டனின் தலையில் ஒன்றும் தெரியவில்லை. இன்ஜினைப் பிரித்ததும்தான் தெரிந்தது: முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வரம்பு விரல் நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. மற்ற மூன்று பிஸ்டன்களும் புதிது மாதிரி இருந்தன. ஓட்டியவர் ரேஸ் ஓட்டுகிற ஆள் இல்லை. ஆறாவது கியரிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும் சாதுவான மனிதர். 1,600 ஆர்பிஎம்மில் மேடு ஏறும்போது கியரைக் குறைக்காமல் பெடலை மட்டும் அழுத்துவார். ரீமேப்புக்கு முன்பு அந்தப் பழக்கத்தை இன்ஜின் பொறுத்துக்கொண்டது.

இதனால்தான் ஆயில் விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தன் ஆயில் தரத்துக்குள் எல்எஸ்பிஐ சோதனையைக் கொண்டுவந்தது எஸ்என் பிளஸ்ஸில், 2018-ல். 2020-ல் வந்த எஸ்பி தரத்திலும் அது தொடர்கிறது. ஆயிலில் அழுக்கு நீக்குவதற்குச் சேர்க்கும் கால்சியம் அதிகமானால் இந்தத் தொல்லை கூடுகிறது, ஒரு பகுதியை மெக்னீசியமாக மாற்றினால் குறைகிறது என்று கண்டுபிடித்துச் செய்த மாற்றம் அது. நேரடி இன்ஜெக்ஷன் டர்போவை ரீமேப் செய்துவிட்டு, டப்பாவில் பழைய தரம் போட்ட ஆயிலை ஊற்றுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அப்புறம், மாற்றும் இடைவெளி. கையேட்டில் போட்டிருக்கும் நீண்ட இடைவெளி ஸ்டாக் இன்ஜினுக்கு, அதாவது கம்பெனி கொடுத்தபடியே இருக்கும் இன்ஜினுக்கு எழுதியது. ரீமேப் செய்தால் நான் அதைப் பாதியாக்கச் சொல்வேன். டர்போவின் பேரிங் அந்த ஆயிலில்தான் மிதக்கிறது, அதுவும் சின்ன டர்போ என்றால் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டே.

சரி, ஃபைலுக்குள் டார்க்கை யார் முடிவு செய்கிறார்கள்? என் காரில் இருப்பது பாஷ் எம்ஈ7 என்ற ஈசியூ. அதில் பெடலை அழுத்தினால் த்ராட்டில் அப்படியே திறந்துவிடாது. இவ்வளவு அழுத்தினால் ஓட்டுநர் இவ்வளவு டார்க் கேட்கிறார் என்று ஒரு டேபிள், அந்த டார்க்குக்கு இவ்வளவு காற்று வேண்டும் என்று இன்னொரு டேபிள், அந்தக் காற்றுக்கு இவ்வளவு பூஸ்ட் (டர்போ கொடுக்கும் அழுத்தம்) என்று அடுத்த கணக்கு. நடுவில் எல்டிஆர்எக்ஸ்என் என்ற வரிசை ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் அதிகபட்ச லோடு (சிலிண்டரில் நிரம்பும் காற்றின் அளவு, சதவீதத்தில்) இவ்வளவுதான் என்று ஒரு எண். பெடலை எவ்வளவு மிதித்தாலும் அந்த எண்ணுக்கு மேல் போகாது. டியூனரின் குணம் எப்படிப்பட்டது என்று அந்த ஒரு வரிசையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என் காருக்கு ஃபைல் எழுதியவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "3,000-க்குக் கீழே அவசரப்படுத்த வேண்டாம்." அவர் சிரித்துவிட்டு, "சார், கஸ்டமர் காசு கொடுக்கிறதே அந்த முதல் உதைக்குத்தான்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். இப்போது என் ஃபைலில் அந்த வரிசை 2,500-ல் 140, 3,200-ல் 165, அப்புறம் 5,000-ஐத் தாண்டியதும் 150, 135 என்று இறங்குகிறது. என் காரை ஓட்டிப் பார்க்கும் நண்பர்கள், "ரீமேப் பண்ணின மாதிரியே இல்லையே" என்பார்கள். இருக்கட்டும்.

உச்சியில் ஏன் இறக்க வேண்டும்? அங்கே வில்லன் வேறு: சூடு. காற்றை அழுத்தினால் சூடாகும். வெளியே 30 டிகிரி, டர்போவின் கம்ப்ரஸர் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்துகிறது, அதன் திறன் 72 சதவீதம் என்று வைத்தால், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் காற்று சுமார் 80 டிகிரியில் இருக்கும். அதே சின்ன டர்போவை இரண்டு மடங்கு அழுத்தச் சொன்னால் திறன் 65-க்கு இறங்கி, காற்று 130 டிகிரியைத் தொடும். அழுத்தம் ஏறிய அளவுக்குக் காற்றின் அடர்த்தி ஏறாது. இன்டர்கூலர் சூடேறிவிட்டால் உள்ளே போகும் காற்றும் சூடு, நாக், பொறி தள்ளிப்போகும், எரிப்பு தாமதமாகும், எக்ஸாஸ்ட் இன்னும் சூடாகும். என் இன்ஜினில் வரும் கே03 டர்போவை 6,000 ஆர்பிஎம்மில் போட்டு வாட்டினால் கிடைப்பது வெந்நீர் போலச் சுடும் காற்றுதான். அங்கே பூஸ்ட்டை இறக்கிவிட்டால் ஓட்டுவதில் பெரிய வித்தியாசம் தெரியாது, டர்போவுக்கோ ஆயுள்.

உயரமான இடங்களையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1,013 மில்லிபார். 2,000 மீட்டர் உயரத்தில் சுமார் 795. உள்ளே 2,000 மில்லிபார் வேண்டுமென்றால் கீழே கம்ப்ரஸர் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக அழுத்தினால் போதும், மேலே இரண்டரை மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும். கம்பெனி ஃபைலில் உயரம் ஏற ஏற பூஸ்ட்டைக் குறைக்கும் திருத்தம் இருக்கும். "மலையில பவர் குறையுது" என்று கஸ்டமர் புலம்புகிறாரே என்று அந்தத் திருத்தத்தை எடுத்துவிடும் டியூனர்களும் இருக்கிறார்கள். அப்படி எடுத்துவிட்ட ஒரு டர்போவின் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கம்ப்ரஸர் வீலின் இறக்கை நுனிகள் ஹவுஸிங்கில் உரசிப் பளபளவென்று இருந்தன.

கம்பெனிக்காரர்கள் ஏன் இவ்வளவு இடம் விட்டுவைக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஏமாற்றுவதற்காக இல்லை. மட்டமான பெட்ரோல், தவறிய சர்வீஸ், கொளுத்தும் வெயில், மலை, பின்னால் இழுக்கும் டிரெய்லர், ஒரே அச்சில் வார்த்தாலும் இன்ஜினுக்கு இன்ஜின் இருக்கும் சிறு வேறுபாடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஃபைல். மாசு விதிகளும் உண்டு. ஒரே இன்ஜினை இரண்டு மூன்று சக்தி அளவுகளில் விற்கும் வியாபாரமும் உண்டு. ஆனால் அந்தக் கடைசிக் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, "மேல் மாடல்ல இதே இன்ஜின்தான் சார், சாஃப்ட்வேர் மட்டும்தான் வேற" என்பார்கள். பாதி உண்மை. என் 1.8 டர்போவே 150, 180, 225 என்று வந்தது. 225-ல் டர்போவே வேறு, பெரிய கே04. இன்டர்கூலர் இரண்டு. கம்ப்ரஷன் விகிதமும் 9.5-லிருந்து 9-க்கு இறக்கியது. சாஃப்ட்வேர் மட்டும் என்றால் இவ்வளவும் எதற்கு?

முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஈசியூ பெட்டியைத் திறந்து, 27சி256 போன்ற ஈப்ராம் சிப்பைக் கழற்றி, வேறு சிப் மாட்ட வேண்டும். இப்போது காரின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டான ஓபிடியில் ஒயரைச் செருகினால் முடிந்தது, புதிய ஈசியூக்களில் மட்டும் பூட்டு பலம் என்பதால் கழற்றி மேசையில் வைத்து எழுதுகிறார்கள். எழுதும்போது பேட்டரிக்கு ஸ்டெபிலைசர் போடாத இடத்தில் காரைக் கொடுக்காதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றினாலே வோல்டேஜ் விழும். பாதி எழுதிய ஈசியூ பேசாது.

டியூனிங் பெட்டி என்று ஒன்று விற்கிறார்களே, சென்சார் ஒயரில் நடுவே மாட்டுவது, அதைப்பற்றியும் கேட்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. டீசலில் ரயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொண்டுபோகும் உயர் அழுத்தக் குழாய்) பிரஷர் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து அது பொய் சொல்லும். உள்ளே 1,600 பார் இருக்கும்போது 1,450 என்று ஈசியூவிடம் சொன்னால், அது "குறைகிறதே" என்று இன்னும் ஏற்றும். பவர் வரும், மறுக்கவில்லை. ஆனால் பம்ப், இன்ஜெக்டர், ரயில் இவற்றைக் காக்க எழுதிய எல்லைகள் எல்லாம் அந்தப் பொய் எண்ணைப் பார்த்துத்தான் வேலை செய்யும். ஃபைலை மாற்றினால் எந்த எல்லையை எங்கே நகர்த்தினோம் என்றாவது தெரியும். இங்கே எல்லா எல்லையும் ஒரேயடியாகக் குருடாகிவிடுகிறது. கழற்றினால் தடம் தெரியாது என்பதற்காகவே இதை வாங்குகிறார்கள்.

இனி லாக், அதாவது ஓடும்போது ஈசியூ காட்டும் எண்களின் பதிவு. ரீமேப்புக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று, இரண்டும் இல்லாமல் காரை எடுத்து வராதீர்கள். டைனோவில் (காரை உருளைகள் மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் மேடை) எடுப்பதே நல்லது. ரோட்டில் என்றால் ஆளில்லாத இடம், ஓட்டுவதற்கு ஒருவர், லேப்டாப்புக்கு ஒருவர். மூன்றாவது கியர், 2,000-லிருந்து 6,000-க்கு மேல் வரை பெடல் முழுக்க. எம்ஈ7-க்கு நான் விசிடிஎஸ் என்ற டயக்னாஸ்டிக் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். குரூப் 115-ல் ஈசியூ கேட்ட பூஸ்ட்டும் வந்த பூஸ்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். குரூப் 020-ல் நாக்குக்காக ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி எவ்வளவு தள்ளிப்போனது என்று டிகிரியில் வரும். குரூப் 031-ல் லாம்டா, அதாவது காற்று-பெட்ரோல் கலவையின் விகிதம்.

என் காரில் கேட்டது 1,850 மில்லிபார், வந்தது 1,860. இந்த ஒட்டுதல்தான் வேண்டும். 020-ல் காலை நேரத்தில் 0, 0.75, 0, 1.5 என்று வரும். அடுத்தடுத்து நாலைந்து முறை இழுத்து இன்டர்கூலர் சூடேறிய பிறகு 2.25, 3, 1.5, 3. அங்கே பெடலை விட்டுவிடுவேன். நான்கு சிலிண்டரும் எப்போதும் 6, 7 டிகிரி தள்ளியே நிற்கிறது என்றால், நீங்கள் ஊற்றும் பெட்ரோலுக்கு அந்த ஃபைல் பொருந்தவில்லை. 98 ஆக்டேனுக்கு எழுதிய ஃபைலில் 91 ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. நாக் சென்சார் காப்பாற்றும்தான், ஆனால் அது விபத்துக்கு வைத்த வலை, தினமும் அதில் விழுந்து எழக் கூடாது. இந்த வலை பழைய சரக்கும்கூட. சாப் கம்பெனி நாக்கைக் கேட்டுப் பூஸ்ட்டைக் குறைக்கும் ஏபிசி (APC) அமைப்பை 1980-களின் தொடக்கத்திலேயே காரில் கொண்டுவந்துவிட்டது.

சமீபத்தில் வந்த ஒரு லாக்கில் கேட்டது 2,100, வந்தது 1,780. பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் டியூட்டி 95 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "பவர் பத்தல, ஸ்டேஜ் 2 போட்டுடலாமா?" என்று இன்னும் பலமான ரீமேப் கேட்டு வந்தவர் அந்தக் காரின் சொந்தக்காரர். இன்டர்கூலர் ஹோஸின் அடிப்பக்கம் கிளிப் ஓரத்தில் ஒரு கீறல், கையால் விரித்துப் பார்த்தால்தான் தெரியும். காற்று ஒழுக ஒழுக, ஈடுகட்ட டர்போ வேகத்தை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்டாக் ஃபைலில் ஓடியிருந்தால் அந்த ஒழுக்கு, பூஸ்ட் குறைவு என்று சொல்லும் பி0299 கோட் போட்டு எப்போதோ காட்டிக்கொடுத்திருக்கும். இந்த ஃபைலில் அந்தக் கோட் வராதபடி அணைத்து வைத்திருந்தார்கள். ஹோஸ் மாற்றியதும் கார் பறந்தது.

கோட் வராமல் அணைப்பது போலவே எனக்கு எரிச்சல் ஊட்டும் இன்னொன்று, காம்போனென்ட் புரொடெக்ஷனில் (பாகங்களைச் சூட்டிலிருந்து காக்கும் ஏற்பாடு) கை வைப்பது. எக்ஸாஸ்ட் சூடு ஏறிவிட்டது என்று ஈசியூ கணக்கிட்டால் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றி டர்பைனையும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் குளிர்விக்கும். 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கலவை அங்கே தாராளமாகவே ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். மைலேஜ் காட்டவோ டைனோவில் நாலு குதிரை கூடுதலாகக் காட்டவோ இதைத் தள்ளிவைக்கிறார்கள். டியூனரிடம், "புரொடெக்ஷன் எல்லாம் ஸ்டாக்கிலேயே இருக்கா?" என்று கேளுங்கள். "அது எதுக்கு சார் உங்களுக்கு?" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கியர்பாக்ஸ் பக்கம் வந்தால் கதை சுருக்கம், ஆனால் செலவு பெரிது. ஃபோக்ஸ்வேகனின் ஏழு கியர் ட்ரை கிளட்ச் டிக்யூ200 பெட்டிக்குக் கம்பெனி சொன்ன எல்லை 250 நியூட்டன் மீட்டர். அந்தப் பெட்டி இருக்கும் காரில் 300 போடுகிறேன் என்று சொல்பவரிடம் என்ன பேசுவது? மேனுவல் என்றால் முதலில் கிளட்ச் வழுக்கும். ஐந்தாவது கியரில் மேட்டில் மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. கருகல் வாடை வந்த பிறகு டூயல் மாஸ் ஃப்ளைவீலும் கூடவே போகும். இங்கேயும் குற்றவாளி அந்த 2,300 ஆர்பிஎம் டார்க்தான். 5,500-ல் வரும் 243-ஐக் கிளட்ச் கண்டுகொள்ளவே கொள்ளாது.

டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் இன்ஜின் நாக் பயம் இல்லாமல் டார்க்கை வாங்கிக்கொள்ளும், ஆகவே ரீமேப் அதிகம் கொடுப்பதும் உங்களுக்குத்தான், அத்துமீறுவதும் உங்களிடம்தான். ஸ்மோக் லிமிட்டரைத் தொட்டிருக்கிறார்களா என்று பின்னால் வரும் புகையே சொல்லிவிடும். அந்தப் புகை டிபிஎஃப்பில் (கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சேரும், அதை எரிக்க அடிக்கடி ரீஜெனரேஷன் நடக்கும், அதற்குப் பீய்ச்சும் டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். டிபிஎஃப்பையே அறுத்துப் போட்டுவிடலாம் என்று சொல்லும் இடத்துக்கு நான் கார் அனுப்புவதில்லை. பல நாடுகளில் அது சட்டவிரோதம், அதைவிட அந்தப் புகையைப் பின்னால் வருகிறவர் சுவாசிக்க வேண்டும்.

வாரண்டி இருக்கும் காரில் ரீமேப் செய்துவிட்டு, சர்வீஸுக்கு விடும் முன் ஸ்டாக் ஃபைலை ஏற்றிவிட்டால் தெரியாது என்ற நம்பிக்கை இன்னும் ஓடுகிறது. பல ஈசியூக்களில் எத்தனை முறை எழுதினார்கள் என்ற கணக்கு உள்ளேயே இருக்கும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் கம்பெனியின் சர்வருடன் ஒப்பிட்டு மென்பொருள் மாற்றியது என்பதற்கு டிடி1 என்று குறி போட்டுவிடுவார்கள். அந்தக் குறி விழுந்த பிறகு டர்போ போனால் உங்கள் பாடு. இன்ஷூரன்ஸிலும் சொல்லிவிடுவது நல்லது.

பழைய டர்போ கார் வாங்குகிறவர்களுக்கும் இதே வழியில் பார்க்கச் சொல்வேன். ஓபிடி ஸ்கேனரில் மோட் 9 என்று ஒன்று உண்டு. அதில் கேலிப்ரேஷன் ஐடியும் அதற்கான சரிபார்ப்பு எண்ணான சிவிஎன்னும் வரும். ஐடி கம்பெனியுடையது, சிவிஎன் மட்டும் அந்த ஐடிக்குரியது இல்லை என்றால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். கெட்டிக்கார டியூனர் இதையும் மறைப்பார், அதனால் இதோடு நிறுத்த வேண்டாம். பிளக்கைக் கழற்றி அதன் எண்ணைப் பாருங்கள். கையேட்டில் சொன்னதைவிட ஒரு படி குளிர்ந்த பிளக் போட்டிருந்தால், போட்டவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். டீசல் என்றால் ரயில் சென்சார் கனெக்டருக்குப் பக்கத்தில் விரலை விட்டுத் தடவுங்கள், பெட்டியைக் கட்டியிருந்த கேபிள் டை தழும்பு ஒயரில் இருக்கும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், சர்வீஸ் பில்களில் ஆயிலின் தரம் எழுதியிருக்கிறதா பாருங்கள், ஓட்டிப் பார்க்கும்போது உயர் கியரில் மேட்டில் மிதித்துக் கிளட்ச்சைச் சோதியுங்கள்.

ரீமேப் செய்த கார் என்பதற்காக மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். ஸ்டாக் ஃபைல், மாற்றிய ஃபைல், லாக் மூன்றையும் பென்டிரைவில் போட்டு எடுத்துவந்த ஒருவரின் காரை, வாங்க வந்த நண்பருக்குத் தயங்காமல் சிபாரிசு செய்தேன், இன்றும் அது நன்றாக ஓடுகிறது. "கை வைக்கவே இல்ல சார், கம்பெனி எப்படிக் கொடுத்தானோ அப்படியே" என்று ஒருவர் சொல்லி, சிவிஎன் வேறு கதை சொன்னால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.